கடைசி சீட்டில் கேட்ட சத்தம்

‘சனிக்கிழமை. மழை இல்லை. காலி வண்டி. கடைசி சீட், இடது ஓரம். மலை இறங்கும்போது சத்தம் உண்டு.’ இதற்குக் கீழே, வேறு கையெழுத்தில்: ‘சத்தம் இல்லை.’

பஸ்ஸுக்குக் கூடு கட்டும் நம் ஷெட்டின் சோதனை ஓட்டத் தாள்களில் இது ஒன்று. தேதி எழுத வேண்டிய கட்டத்தில் ‘மேற்படி’ என்று போட்டிருக்கிறது. மேற்படி என்றால் முந்தைய தாளில் உள்ள தேதி. முந்தைய தாள் ஃபைலில் இல்லை. ஒரு கம்பெனியின் வரலாற்றை எழுத உட்கார்ந்தவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ரம்ஜான் நோன்பு தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை அது என்பது வரை என்னால் சொல்ல முடியும். அடுத்த வாரம் கேன்டீனில் பாதிப் பேருக்குத்தான் மதியச் சாப்பாடு சமைத்தார்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காகக் கம்பெனியின் கதையை எழுதித் தரும்படி, இப்போது நிர்வாகத்தைப் பார்க்கும் மேடம் கேட்டார். முதல் பஸ்ஸிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன். குடும்பத்தில் மூன்று பேரைக் கேட்டேன். முதல் பஸ் வாணியம்பாடி தோல் மண்டிக்காரர் ஒருவருக்குக் கட்டியது என்றார் ஒருவர். ஆலங்காயம் ரூட்டில் ஓடிய பஸ்தான் முதல் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், முதலில் கட்டியது பஸ்ஸே இல்லை, ஆட்களை ஏற்ற ஜன்னல் வைத்த லாரி என்றார். மூவரும் அடித்துச் சொன்னார்கள். ஆகவே அதை அப்படியே விட்டுவிட்டு, நான் கூடவே இருந்து பார்த்த ஒரு பஸ்ஸைப் பற்றி எழுதுகிறேன். கண்ணால் பார்த்ததாவது தெளிவாக இருக்கும் என்று நம்பித்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். எழுத எழுத அந்த நம்பிக்கையும் குறைகிறது.

உங்களில் சிலர் அலுவலக வேலைக்கு வந்தவர்கள் என்பதால் ஒரு வரி. வண்டி தயாரிக்கும் கம்பெனியிடமிருந்து நமக்கு வருவது எஞ்சினும் சக்கரமும் உள்ள வெறும் சேசிஸ். கூடு, தகரம், கண்ணாடி, சீட், பெயின்ட் எல்லாம் நாம் போடுவது. நிறுவனர், தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு வண்டிக்கூடு கட்டிக்கொண்டிருந்தவர். அவர் விட்டுச்சென்றது இந்த ஷெட்டையும், இரண்டு மகன்களையும், ஒரு விதியையும். பெரிய பாய் ஷெட்டைப் பார்த்தார். சின்ன பாய் பேங்க், ஆர்.டி.ஓ. ஆபீஸ், ஆர்டர் இவற்றைப் பார்த்தார். விதி இது: எந்தப் பஸ்ஸானாலும் காலியாக ஏலகிரி மலை ஏறி இறங்க வேண்டும், குடும்பத்து ஆள் கடைசி சீட்டில் உட்கார்ந்து வர வேண்டும், அவர் காதுக்குச் சத்தம் கேட்டால் வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது.

இந்த விதி ஏன் வந்தது என்பதற்கும் பல காரணங்கள் சொல்கிறார்கள். நிறுவனரின் மனைவி கடைசி சீட்டில் உட்கார்ந்து ஏலகிரி போய்விட்டு வந்து, ‘இது பஸ்ஸா, பாத்திரக் கடையா’ என்று கேட்டாராம். மச்சான் செய்த வேலையில் நிறுவனருக்கு நம்பிக்கை இல்லாததால் வந்தது என்றும் சொல்கிறார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

விதியில் ஒரு கோளாறு இருந்தது. ஷெட்டில் காலை முதல் மாலை வரை தகரத்தில் ஆணி அடிக்கும் சத்தம். அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் காது கொஞ்சம் மந்தம். நான் குடியாத்தத்தில் விசைத்தறி வீட்டில் பிறந்தவன், சேரும்போதே மந்தம். சத்தம் போட்டுப் போட்டுக் காதைக் கெடுத்துக்கொண்ட நாங்கள், காதை நம்பித்தான் பஸ்ஸை வெளியே அனுப்பினோம். இதை அப்போது யாரும் வினோதமாக நினைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பஸ், ஆம்பூர் பக்கத்து ஷூ ஃபேக்டரி ஒன்றுக்கானது. ஆலங்காயம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை வேலைக்கு அழைத்து வர அவர்களுக்கு வரிசையாகப் பஸ்கள் வேண்டியிருந்தன. இது முதல் சாம்பிள் வண்டி. திங்கட்கிழமை புது ஷிஃப்ட் தொடங்குகிறது. அன்று காலை வண்டி அவர்கள் வாசலில் போய் நின்றால் மீதி ஆர்டரும் நமக்கு. பஸ் கூட்டுக்கான விதிமுறைகள் இறுகி, சின்ன ஷெட்டுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். நம் ஷெட்டிலும் அந்த வண்டியைத் தவிர வேறு சேசிஸ் இல்லை. வெல்டர் முதல் சீட் தைக்கும் பெண்கள் வரை எல்லோருக்கும் இது தெரியும்.

வழக்கமாகப் பெரிய பாய் மட்டும்தான் கடைசி சீட்டில் உட்காருவார். அன்று சின்ன பாயும் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் டெலிவரி சூப்பர்வைசர். நடு சீட்டில் இருந்தேன். இறங்கும் வழியில் ஒரு வளைவில் பெரிய பாய் கையை உயர்த்தினார். டிரைவர் ஓரம் கட்டினார்.

“கேட்டுச்சா?” என்றார் பெரிய பாய்.

“இன்னா கேட்டுச்சா?” என்றார் சின்ன பாய்.

“டக்குனு. இடப்பக்கம், செவுத்துக்குள்ள.”

“ஒண்ணும் கேக்கலியே.”

டிரைவரைக் கேட்டார்கள். “எனக்கு எஞ்சின் சத்தந்தான் பாய் கேக்குது. அதுக்கு மேல கேட்டா சம்பளம் ஜாஸ்தி குடுக்கணும்” என்றார். என்னைக் கேட்டார்கள். கேட்ட மாதிரி இருந்தது. கேட்காத மாதிரியும் இருந்தது. அடுத்த வளைவில் காதைத் தீட்டிக்கொண்டேன். டக் என்றது. அதற்கடுத்த வளைவில், நான்தான் கற்பனை செய்கிறேனோ என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. இப்படியே அடிவாரம் வரை வந்தோம்.

ஷெட்டுக்கு வந்ததும் வண்டியை மொத்தமாகச் சோதித்தோம். கண்ணாடி, சீட் கால், டிக்கி மூடி, அடியில் உள்ள போல்ட் எல்லாம் இறுக்கமாக இருந்தன. பார்க்க முடியாத இடம் ஒன்றுதான்: இடப்பக்கச் சுவரில் வெளித் தகரத்துக்கும் உள் தகரத்துக்கும் நடுவே. உள்ளே விழுந்த ஆணித் துண்டாக இருந்தால் அது வெறும் சத்தம். வெல்டு விட்டிருந்தால், அதன் மேல் சாய்ந்து உட்காரப் போகிறவர்கள் விடிகாலையில் எழுந்து வேலைக்கு வரும் பெண்கள். தகரத்தைப் பிரித்தால்தான் தெரியும். பிரித்தால் மறுபடி அடித்து, பெயின்ட் போட்டுக் காய வேண்டும். திங்கட்கிழமை போய்விடும்.

கேட் பாஸில் கையெழுத்துப் போடுவது என் வேலை. அது இல்லாமல் வாட்ச்மேன் கேட்டைத் திறக்க மாட்டார்.

சின்ன பாய் என்னை ஆபீஸ் ரூமுக்குள் கூப்பிட்டார். அண்ணனை அவர் ‘பாய்ஜான்’ என்பார். “வேலு, பாய்ஜானுக்கு போன்ல பேசினாலே கேக்கல. வூட்ல டிவி வெச்சா தெருவே கேக்குது. அவருக்குப் போய் டக்குனு கேட்டுச்சாம். நீ பாஸப் போடு.”

வெளியே வந்தேன். தண்ணீர்த் தொட்டி பக்கம் பெரிய பாய் நின்றிருந்தார். “இன்னா சொன்னான்?” என்றார். சொன்னேன். “அவனுக்குத் திங்கக்கெழமதான் கேக்குது. வேற ஒண்ணும் கேக்கல. நீ பாஸ் போடாத.”

சம பங்கு முதலாளிகள். ஒருவர் போடு என்கிறார், ஒருவர் போடாதே என்கிறார். பஸ்ஸில் இருப்பது என்னவென்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஷெட்டில் எல்லோருக்கும் வேறொன்று புரிந்திருந்தது. சத்தம் இல்லை என்று முடிவானால், பெரிய பாயின் காது போய்விட்டது என்று முடிவாகும். காது போனால் கடைசி சீட் போகும். கடைசி சீட் போனால் ஷெட்டில் அவர் சொல்லுக்கு என்ன மதிப்பு மிஞ்சும் என்பதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

நான் ஒரு யோசனை சொன்னேன். காலி வண்டியில் கேட்பது ஆள் ஏறினால் அடங்கிவிடலாம். அல்லது அடங்கியிருப்பது வெளியே வரலாம். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் உள்ள எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போவோம். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பெரும்பான்மைக்குக் கேட்டால் தெளிவாகிவிடும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் நிறைந்துவிட்டது. வெல்டர்கள், தகரம் அடிக்கும் டிங்கர்கள், பெயின்டர்கள், சீட் தைக்கும் பெண்கள். சிலர் பிள்ளைகளுக்குப் பட்டாணி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். ஏறும்போது ஒரே பேச்சும் சிரிப்பும். மேலே வண்டியைத் திருப்பியதும் பெரிய பாய் எழுந்து நின்றார்.

“இனிமே அடிவாரம் வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. காதத் தொறந்து வெச்சுக்குங்க.”

“தகரம் அடிச்சு அடிச்சு காதே போன ஆளுங்க கேட்டு இன்னா பண்ணப் போறாங்க? எங்க செக்‌ஷனக் கேளுங்க பாய்” என்றாள் மல்லிகா. சீட் தைக்கும் பிரிவுக்கு அவள்தான் லீடர். அந்தப் பிரிவு தனி அறையில் இருந்ததால் அவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

“அதுக்குத்தான உங்களையும் ஏத்திக்கினு வந்தேன். மூடு வாய.”

பஸ் நிறைய ஆட்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு மலை இறங்குவதை யோசித்துப் பாருங்கள். வண்டி ஊர்ந்தது. பின்னால் சுற்றுலா வந்த கார்கள் ஹாரன் அடித்தன. ஒரு பெயின்டருக்குத் தும்மல் வந்து, பக்கத்தில் இருந்தவர் அவர் மூக்கைப் பிடித்தார். திடீரென்று மேலே தொம் என்று ஒரு சத்தம். பாதிப் பேர் “கேட்டுச்சு” என்றார்கள்.

“அது கொரங்கு” என்றார் டிரைவர். கூரையிலிருந்து அது குதித்து ஓடுவது எல்லோருக்கும் தெரிந்தது. சிரிப்பு அடங்க இரண்டு வளைவு ஆயிற்று. மறுபடி மேலே ஏறி, மறுபடி இறங்கினோம்.

அடிவாரத்தில் பெரிய பாய் கேட்டார். “கேட்டவங்க கையத் தூக்குங்க.” கொஞ்சம் கைகள் உயர்ந்தன. “கேக்காதவங்க?” ஏறக்குறைய அதே அளவு கைகள். சிலர் இரண்டு தடவையும் தூக்கினார்கள். நல்ல காது என்று நான் நம்பியிருந்த சீட் பிரிவும் இரண்டாகப் பிரிந்தது. மல்லிகாவின் பக்கத்தில் இருந்தவளுக்குக் கேட்டிருக்கிறது, மல்லிகாவுக்குக் கேட்கவில்லை.

“சாரப் பாருங்க, கையப் பாதி தூக்கினு இருக்காரு” என்றாள் அவள் என்னைக் காட்டி. “ஓட்டுப் போட்டா சத்தம் வந்துடுமா சார்? வண்டிக்குள்ள இருந்தா இருக்குது, இல்லன்னா இல்ல.”

அவள் சொன்னது சரி. நான் தெளிவுக்காகச் செய்த ஏற்பாடு, இருவருக்குள் இருந்த குழப்பத்தை ஷெட் முழுவதற்கும் பங்கு வைத்துக் கொடுத்திருந்தது.

ஷெட்டுக்குத் திரும்பினோம். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பஸ்ஸைச் சுற்றி நின்றார்கள். மீதி ஆர்டரை நம்பியிருந்தவர்கள், பெரிய பாயைப் பார்த்தபடி நின்றார்கள், அவ்வளவுதான். அவர் தொழுகைக்குப் போய்விட்டு வந்தார். நேராக என்னிடம் வந்தார்.

“வேலு, பாஸ் போடு. சத்தம் இல்ல.”

“நேத்து நீங்க...”

“நேத்து நேத்து. இன்னிக்கி எனக்குக் கேக்கல. போடு.”

எத்தனையோ வருடங்களில் பெரிய பாய் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்து நான் பார்த்ததில்லை. கேட் பாஸ் புத்தகத்தை விரித்தேன். பேனாவைத் திறந்தேன். அப்போது சின்ன பாய் ஆபீஸ் ரூமிலிருந்து வந்தார்.

“இரு வேலு.” அண்ணன் எதிரில் போய் நின்றார். “பாய்ஜான், என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.”

“சொல்லிட்டேன்ல.”

“என்னப் பாத்துச் சொல்லுங்க.”

பெரிய பாய் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன பாய் டிங்கர்கள் பக்கம் திரும்பி, “இடப்பக்கத் தகரத்தக் கழட்டுங்க” என்றார்.

“இன்னா பண்ற நீ? நாளைக்கு வண்டி போவணும்” என்றார் பெரிய பாய்.

“போவாது.”

“சத்தந்தான் இல்லன்னு சொல்றேனே.”

“நீங்க இல்லன்னு சொல்றீங்கல்ல, அதனாலதான் கழட்டச் சொல்றேன்.”

இப்போது நிலைமை தலைகீழ். போடாதே என்றவர் போடு என்கிறார். போடு என்றவர் தகரத்தைக் கழற்றச் சொல்கிறார். டிங்கர்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இருவர் பேச்சும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் தோன்றியது. நிற்கிற பஸ்ஸை நாளைக்கும் அனுப்பலாம். ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்ட பஸ்ஸை வழியில் கூப்பிட்டு நிறுத்த முடியாது. பேனாவை மூடிப் பையில் வைத்தேன். டிங்கர்கள் டிரில்லை எடுத்தார்கள். அன்று நான் எடுத்த முடிவு இவ்வளவுதான். இதற்கு மேல் அதில் அறிவு எதுவும் இல்லை.

தகரம் இறங்கியது. எல்லோரும் எட்டிப் பார்த்தோம். வெல்டு எதுவும் விடவில்லை. விரிசல் இல்லை. கீழே சட்டத்தின் மூலையில் தச்சர்கள் காதில் செருகிக்கொள்ளும் பென்சில் ஒன்று கிடந்தது.

“இதானா?” என்றார் ஒருவர். சின்ன பாய் அதை எடுத்து, தகரத்தின் மேல் போட்டார். டிக் என்றது.

“இது இல்ல” என்றார் பெரிய பாய்.

சத்தமே இல்லை என்று சற்றுமுன் சொன்னவர் அவர். சொன்ன பிறகு அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சின்ன பாய் பென்சிலை எடுத்துத் தச்சரிடம் கொடுத்தார்.

மறுநாள் காலை ஷூ ஃபேக்டரியின் டிரான்ஸ்போர்ட் மேனேஜருக்கு நான்தான் போன் செய்தேன்.

“இன்னா சார் இது, ஆலங்காயத்துலேர்ந்து பொண்ணுங்களத் தோள்ல ஏத்தினு வரட்டுமா?”

“வண்டில ஒரு சத்தம் சார். பாத்துக்கினு இருக்கோம்.”

“இன்னா சத்தம்?”

“அது தெரியல சார்.”

“சத்தம் இருக்குதா இல்லியா?”

“அதுவும் தெரியல சார்.”

அவர் போனை வைத்துவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். உண்மையைத்தான் சொன்னேன்; கேட்பவருக்கு அதைவிட மோசமான பதில் இருக்க முடியாது. பாதி தெரிந்ததைத் தெரிந்த மாதிரி சொல்லியிருந்தால் ஒரு நாள் அவகாசம் கிடைத்திருக்குமோ என்று பிறகு யோசித்திருக்கிறேன். இதில் உங்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த ஒரு பஸ்ஸை அதே வாரத்தில் எடுத்துக்கொண்டார்கள். மீதி ஆர்டர் கரூர்ப் பக்கத்து ஷெட்டுகளுக்குப் போயிற்று. வெல்டர்களில் சிலர் ராணிப்பேட்டைக்கு வேலை தேடிப் போனார்கள். எல்லோரும் திரும்பி வரவில்லை. ஷெட் பள்ளி வேன், ஆம்புலன்ஸ் என்று சின்ன வேலைகளில் தாக்குப்பிடித்தது. அந்தப் பஸ் வெகுகாலம் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடியது. அதை வைத்து, சத்தம் என்பது வீண் பயம் என்று நீங்கள் முடிவு கட்ட முடியாது. தகரத்தை மூடுவதற்கு முன், பெரிய பாய் எல்லா இணைப்புக்கும் இன்னொரு முறை வெல்டு வைக்கச் சொன்னார். அப்படியே வைத்தார்கள். ஆகவே பிறகு ஒன்றும் ஆகாமல் போனது எதையும் நிரூபிக்காது.

அடுத்த வண்டி ஏலகிரிக்குப் புறப்பட்டபோது பெரிய பாய் வரவில்லை. “அவன் வருவான்” என்றார். சின்ன பாய் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். அன்று முதல் அந்த இடம் அவருடையது ஆயிற்று. அவருக்குப் பிறகு மேடம் உட்காருகிறார். கையில் சத்தம் அளக்கும் கருவியும் வைத்திருக்கிறார், நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரிய பாயின் மகள் அவர்.

பெரிய பாய் இப்போது இல்லை. அவருக்கு அன்று கேட்டதா என்று ஒரு முறை நேரடியாகவே கேட்டேன். “உனக்குக் கேட்டுச்சா? அத மொதல்ல சொல்லு” என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

இதை எழுதுவதற்காகப் போன மாதம் வாணியம்பாடியில் சின்ன பாயின் வீட்டுக்குப் போனேன். நடை தளர்ந்துவிட்டது, பேச்சு தளரவில்லை. முதல் பஸ் யாருக்குக் கட்டியது என்று கேட்டேன். நான்காவதாக ஒரு பதில் கிடைத்தது. டீ வந்தது. அந்த ஷூ ஃபேக்டரி வண்டியையும் எழுதப் போகிறேன் என்றேன்.

“எழுதறதுன்னா சரியா எழுது” என்றார். “எனக்கும் கேட்டுச்சு.”

“ஞாயித்துக்கெழமையா பாய்?”

“சனிக்கெழம. அவரு கையத் தூக்கறதுக்கு முன்னாடியே.”

பிறகு ஏன் இல்லை என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். ஷெட் காலியாகக் கிடந்ததைச் சொன்னார், பேங்கைச் சொன்னார், திங்கட்கிழமையைச் சொன்னார். எல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அவரு இருக்குது இருக்குதுன்னே சொல்லிக்கினு இருந்திருந்தா, நானும் கடைசி வரைக்கும் இல்லன்னே சொல்லியிருப்பேன் வேலு.”

இதை எப்படிப் பதிவு செய்வது என்று யோசித்தேன். அண்ணன் இறந்த பிறகு தம்பி சொன்னது இது. அண்ணனுடைய காது கடைசி வரை சரியாகவே இருந்தது என்று யாராவது எழுதி வைக்க வேண்டும் என்ற ஆசையில் சொல்லியிருக்கலாம். நடந்ததையே சொல்லியும் இருக்கலாம். அந்தச் சனிக்கிழமை கடைசி சீட்டில் இருந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே. சின்ன பாய்க்கும் சத்தம் கேட்டது என்பதற்கு அவர் வாய்மொழியைத் தவிர வேறு ஆதாரம் என்னிடம் இல்லை. இது இன்னும் உறுதி செய்யப்படவில்லை.